ஹோட்டல் ரூம் டிவியில் ஃபயர் ஸ்டிக்: வைஃபை லாகினில் மாட்டிக்கொள்ளாமல் பார்ப்பது எப்படி?

அப்பாவை மருத்துவப் பரிசோதனைக்காக வேலூர் கூட்டிப் போயிருந்தேன். ஒன்பது ராத்திரி ஹோட்டல் வாசம். பகலெல்லாம் டோக்கன், ஸ்கேன், ரிசல்ட்டுக்குக் காத்திருப்பு என்று எப்படியோ ஓடிவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நாலு சுவருக்குள் உட்கார்ந்திருப்பதுதான் அவருக்குக் கஷ்டம். வீட்டில் என்றால் அந்த நேரத்துக்கு யூடியூபில் டி.எம்.எஸ். பாட்டு, அப்புறம் மேட்ச் இருந்தால் மேட்ச். அதனால் வீட்டு டிவியில் இருந்த ஃபயர் டிவி ஸ்டிக்கை (டிவியின் எச்டிஎம்ஐ ஓட்டையில் சொருகினால் யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் காட்டும் அமேசானின் குட்டிக் கருவி) அப்படியே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். முதல் ராத்திரி இரண்டு மணி நேரம் போராடியும் நெட் வரவில்லை, அப்பா "பரவால்லப்பா, விடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் சரி செய்தேன், கடைசி நாள் வரை ஒரு தொந்தரவும் இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கை ஹோட்டல் வைஃபையில் நேராக இணைக்காதீர்கள், நடுவில் உங்களுடைய வைஃபை ஒன்று இருக்கட்டும். வீட்டை விட்டுக் கிளம்பி வந்ததே அந்த ஸ்டிக்குக்குத் தெரியக் கூடாது.

ரூமில் ஸ்மார்ட் டிவியே இருக்கிறதே, அதிலேயே பார்க்கலாமே என்று கேட்பீர்கள். நான் அதில் லாகின் செய்வதே இல்லை. ஒரு ஊரில் ரூம் டிவியில் நெட்ஃபிளிக்ஸைத் திறந்தால் முன்னால் தங்கியவர் குடும்பத்தின் கணக்கு அப்படியே இருந்தது, குழந்தைகள் பெயர் உட்பட. அவர் லாக் அவுட் செய்ய மறந்திருக்கிறார், அவ்வளவுதான். அதை நான் லாக் அவுட் செய்துவிட்டு வந்தேன். ஸ்டிக் என்றால் உங்கள் கணக்கு உங்களோடேயே திரும்பி வந்துவிடும்.

கிளம்பும் முன்

ஸ்டிக், அதன் ரிமோட், அதோடு வந்த அடாப்டர், பெட்டியில் இருந்த குட்டி எச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டர், இரண்டு டிரிபிள் ஏ பேட்டரி, ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிடாதீர்கள். டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் ப்ளக்கை டிவியும் செட்டாப் பாக்ஸும் பிடித்துக்கொண்டிருக்கும்.

அடாப்டர் எதற்கு, டிவியின் யுஎஸ்பி போர்ட்டிலேயே சொருகலாமே என்றால், பழைய டிவிகளின் யுஎஸ்பியில் 0.5 ஆம்பியர்தான் கிடைக்கும். ஸ்டிக்குக்கு 5 வோல்ட், 1 ஆம்பியர் வேண்டும். பவர் போதவில்லை என்று திரையிலேயே எச்சரிக்கை வரும், இல்லாவிட்டால் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரீஸ்டார்ட் ஆகும்.

டிவியில் மாட்டுவது

இந்த ஊர் ஹோட்டல்களில் பெரும்பாலும் செட்டாப் பாக்ஸ் ரிமோட் மட்டும்தான் மேஜையில் இருக்கும், டிவி ரிமோட் ரிசப்ஷனில் இருக்கும். கேட்டால் தருவார்கள், ஆனால் தேவையே இல்லை. செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ ஒயரை டிவி பக்கம் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஸ்டிக்கைச் சொருகுங்கள். டிவி ஏற்கெனவே அந்த எச்டிஎம்ஐயில்தான் நிற்கிறது, சோர்ஸ் மாற்றும் வேலையே இல்லை. எந்த ஓட்டை என்று தெரியாவிட்டால் போனை டிவிக்குப் பின்னால் நீட்டி ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். சுவரோடு ஒட்டி மாட்டிய டிவி என்றால் ஸ்டிக் நேராக நுழையாது, எக்ஸ்டெண்டர் அதற்குத்தான்.

சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயரில் செட்டாப் பாக்ஸ் ஓடும் டிவி என்றால் மட்டும் இந்த வழி உதவாது, ரிமோட்டைக் கேட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

வைஃபை: நான் மாட்டிய இடம்

வைஃபையைத் தேர்ந்தெடுத்தேன், பாஸ்வேர்ட் கேட்கவில்லை, இணைந்தது. அடுத்த நிமிஷம் "கனெக்டட் வித் ப்ராப்ளம்ஸ்" என்று வந்து நின்றது. வைஃபை சிக்னல் இருக்கிறது, இன்டர்நெட் இல்லை என்று அர்த்தம். ஹோட்டல் வைஃபையில் சேர்ந்ததும் ஒரு லாகின் பக்கம் திறக்கும், அதில் மொபைல் நம்பர், ரூம் நம்பர் கொடுத்து, ஓடிபி வாங்கிப் போட்டால்தான் கதவு திறக்கும். ஃபயர் ஸ்டிக் அந்தப் பக்கத்தை டிவியிலேயே திறந்து காட்டும். எனக்கும் காட்டியது. ஆனால் பாதிப் பக்கம் திரைக்கு வெளியே போய்விட்டது, ஓடிபி போட்ட பிறகு "சப்மிட்" பட்டனுக்கு ரிமோட்டால் போகவே முடியவில்லை.

சரி, போனில் ஓடிபி போட்டு உள்ளே போனால் ரூம் முழுக்கத் திறந்துவிடும் என்று நினைத்தேன். அது தப்பு. ஹோட்டல் சிஸ்டம் ரூமை அடையாளம் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கருவியின் மேக் அட்ரஸைத்தான், அதாவது அந்தக் கருவிக்கென்று உள்ள அடையாள எண்ணைத்தான் பார்க்கிறது. போன் உள்ளே போனால் போனுக்கு மட்டும்தான் அனுமதி, ஸ்டிக் வெளியேதான் நிற்கும். கீழே போய்க் கேட்டேன். "சார், ஒரு ரூமுக்கு ரெண்டு டிவைஸ்தான் சார்" என்றார் அந்தத் தம்பி. என் போனும் அப்பா போனும் அந்த இரண்டு இடத்தையும் பிடித்துவிட்டிருந்தன.

கையில் லேப்டாப் இருந்தால் காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. மறுநாள் நான் செய்தது இதுதான்:

1. இரண்டு டிவைஸ் கணக்கு நிரம்பியிருந்தால் முதலில் ஒரு போனை வெளியேற்றுங்கள். எங்கள் ரூமில் ரிசப்ஷனில் சொல்லி அப்பா போனை எடுத்துவிட்டேன். லேப்டாப் வழியாக அவருக்கும் நெட் வந்துவிடும் என்பதால் நஷ்டமில்லை.

2. லேப்டாப்பை ஹோட்டல் வைஃபையில் இணைத்து, பிரவுசரில் ஓடிபி போட்டு உள்ளே போங்கள்.

3. விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், மொபைல் ஹாட்ஸ்பாட். அதில் வைஃபையையே ஷேர் செய்யச் சொல்லுங்கள். வைஃபையில் வாங்கி வைஃபையிலேயே கொடுக்க முடியுமா என்றால், முடியும், எட்டுக் கருவிகள் வரை சேரலாம்.

4. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அந்த ஹாட்ஸ்பாட்டுக்கு உங்கள் வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வையுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எதுவும் மாறக் கூடாது. ஸ்டிக்கை ஆன் செய்தால் எதையும் கேட்காமல் தானாகவே சேர்ந்துகொள்ளும். அப்பா போனும் அப்படியே. முதலில் டிவியில் யூடியூப் படங்கள் ஒவ்வொன்றாக நிரம்பியபோது, "நம்ம வீட்டு நெட்டு இங்கயும் வருதா?" என்று கேட்டார்.

5. ஹாட்ஸ்பாட் பக்கத்தில் பவர் சேவிங் என்று ஒன்று இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். லேப்டாப் ஸ்லீப் போகாமலும் வையுங்கள். மறந்தால் பாதிப் பாட்டில் நிற்கும்.

ஹோட்டலின் கண்ணுக்கு இப்போது லேப்டாப் ஒன்றுதான் தெரியும். இன்னொரு லாபமும் உண்டு. ஹோட்டல் வைஃபையில் ஒரு ரூம் போன் இன்னொரு ரூம் டிவியைத் தொடக் கூடாது என்பதற்காக, கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் பூட்டி வைப்பார்கள். அது நல்லதுதான், ஆனால் அதனால் உங்கள் போனிலிருந்தே உங்கள் ஸ்டிக்குக்கு காஸ்ட் செய்ய (போனில் ஓடுவதை டிவிக்கு அனுப்ப) முடியாது, போனில் இருக்கும் ரிமோட் ஆப்பும் வேலை செய்யாது. சொந்த வைஃபைக்குள் இரண்டும் ஓடும்.

அடிக்கடி போகிறவர்களுக்கு ட்ராவல் ரௌட்டர்

திரும்பி வந்ததும் ஒரு ட்ராவல் ரௌட்டர் வாங்கினேன். ஹோட்டல் வைஃபையை வாங்கி நமக்கென்று தனி வைஃபையாகக் கொடுக்கும் சின்னப் பெட்டி, லேப்டாப் செய்த அதே வேலைதான். ஜிஎல் ஐநெட் ஓபல். உள்ளங்கைக்குள் அடங்கும், போன் சார்ஜர் மாதிரி யுஎஸ்பி சி பவரில் ஓடும். டிபி-லிங்கிலும் சின்ன ரௌட்டர்கள் இருக்கின்றன, ஆனால் லாகின் பக்கத்தைச் சமாளிப்பதில் எனக்கு ஜிஎல் ஐநெட்தான் பிடித்திருக்கிறது. அதன் வைஃபைக்கும் வீட்டுப் பெயர், வீட்டு பாஸ்வேர்ட். போனை அதில் சேர்த்து, பிரவுசரில் 192.168.8.1 போட்டு, ரிப்பீட்டர் பகுதியில் ஹோட்டல் வைஃபையைத் தேர்ந்தெடுத்தால் போனில் லாகின் பக்கம் வரும். ஒரு தடவை ஓடிபி போட்டால் ரௌட்டருக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

லாகின் பக்கம் வரவில்லையா? ஒன்பது தடவை வராது, பத்தாவது தடவை வரும் என்று காத்திருக்காதீர்கள். போனின் மொபைல் டேட்டாவை ஆஃப் செய்யுங்கள். வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்ததும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், நீங்கள் எந்த சைட்டைத் திறந்தாலும் அது அழகாகத் திறக்கும், லாகின் பக்கம் மட்டும் வராது. டேட்டாவை நிறுத்தினாலும் ஓடிபி எஸ்எம்எஸ் வரும், பயப்பட வேண்டாம். அப்புறம் விபிஎன் ஆஃப். ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ் (சைட் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை) ஏதாவது போட்டிருந்தால் அதுவும் ஆஃப். அப்படியும் வராவிட்டால் ரௌட்டரின் டிஎன்எஸ் பகுதியில் ரீபைண்டிங் ப்ரொடெக்‌ஷனை அணைத்துவிட்டு, நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்ற சைட்டைத் திறந்து பாருங்கள். பூட்டுப் போடாத சைட் அது, அதைக் கேட்டால் ஹோட்டல் சிஸ்டம் தன் பக்கத்தைக் காட்டிவிடும். உள்ளே போன பிறகு அணைத்ததையெல்லாம் திரும்ப ஆன் செய்ய மறக்காதீர்கள்.

லேப்டாப்பும் இல்லை, ரௌட்டரும் இல்லை என்றால், ஸ்டிக்கில் செட்டிங்ஸ், மை ஃபயர் டிவி, அபவுட், நெட்வொர்க் போனால் மேக் அட்ரஸ் இருக்கும். அதை எழுதிக் கொடுத்து ரிசப்ஷனில் சேர்க்கச் சொல்லுங்கள். ஐடி ஆள் இருக்கும் பெரிய ஹோட்டலில் நடக்கும், லாட்ஜில் ராத்திரி பத்து மணிக்கு நடக்காது.

போன் ஹாட்ஸ்பாட்? அவசரத்துக்குச் சரி. ஆனால் நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை குடிக்கும், ஒரு நாளைக்கு 2 ஜிபி ப்ளான் என்றால் நாற்பது நிமிஷத்தில் காலி. ஸ்டிக்கில் செட்டிங்ஸ், ப்ரிஃபரன்சஸ், டேட்டா மானிட்டரிங்கில் வீடியோ தரத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள்.

பிறகு சேர்த்தது

கமெண்ட்டில் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள், சாவி கார்டை எடுத்ததும் ரூம் கரண்ட் போய் எல்லாம் அணைந்துவிடுகிறது என்று. வேலூரில் எங்களுக்கும் அதேதான். சாப்பிடப் போய்த் திரும்பினால் ஸ்டிக் முதலிலிருந்து கிளம்பும். ரௌட்டரை ஃப்ரிட்ஜ் ப்ளக் பக்கம் மாட்டிப் பாருங்கள், பல ஹோட்டல்களில் அது மட்டும் எப்போதும் உயிரோடு இருக்கும்.

மலேசியாவிலிருந்து வந்த ஒருவருக்கு அந்த ஊர் சிம்மில் ஓடிபி வரவில்லை. ரிசப்ஷனில் யூசர்நேம், பாஸ்வேர்ட் எழுதிய வவுச்சர் சீட்டு கேளுங்கள், பல இடங்களில் தருகிறார்கள்.

நெட்ஃபிளிக்ஸ் "இந்த டிவி உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல" என்கிற மாதிரி நிறுத்துகிறது என்று நாலைந்து பேர். 2023 ஜூலையிலிருந்து இந்தியாவிலும் இந்தக் கட்டுப்பாடு உண்டு. பயணத்தில் இருக்கிறேன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் கணக்குக்கு உரியவரின் மெயில் அல்லது போனுக்கு ஒரு கோட் வரும், 15 நிமிஷத்துக்குள் போட வேண்டும். கணக்கு அண்ணன் பேரில், அக்கா பேரில் இருந்தால் அவர்கள் தூங்கும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

பழைய குரோம்காஸ்ட் (டிவியில் சொருகும் கூகுளின் கருவி) போதுமா என்றும் கேட்டிருந்தார்கள். வீட்டுக்குச் சரி, ஹோட்டலுக்கு வேண்டாம். அதற்கு ரிமோட்டும் இல்லை, லாகின் பக்கத்தைத் திறக்க வழியும் இல்லை. ரௌட்டர் இருந்தால் மட்டும் கொண்டுபோங்கள்.

காலி செய்யும்போது

ஸ்டிக்கைக் கழற்றியதும் செட்டாப் பாக்ஸ் ஒயரை அதே எச்டிஎம்ஐயில் மாட்டி, சேனல் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்து வருபவரும் நம்மைப் போல ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வரலாம். அப்புறம் ரிமோட். எங்களுடையது அப்பாவின் தலையணை உறைக்குள் இருந்தது.