எத்தனை முறை ஏறுவீர்கள்? நகரப் பயணத்தில் டிக்கெட் பணம் வீணாகும் இடங்கள்

புதிய நகரத்தில் இறங்கி, டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறீர்கள். திரையில் பத்து வகை டிக்கெட்டுகள். பின்னால் வரிசை நீள்கிறது, யாரோ பொறுமையிழந்து செருமுகிறார். பதற்றத்தில் கை நேராக 'எல்லாம் அடங்கிய' பாஸின் மேல் போய் விழுகிறது. போக்குவரத்துச் செலவில் ஏற்படும் நஷ்டத்தில் பெரும்பகுதி இந்த ஒரு நிமிடத்தில்தான் உண்டாகிறது. அதைத் தடுக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் இரவு ஒரு தாளை எடுத்து, எந்த நாளில் எத்தனை முறை ஏறி இறங்கப் போகிறீர்கள் என்று எழுதிவிட்டால் போதும். கீழே சொல்லும் தவறுகளில் பல, அந்தக் கணக்கைப் போடாததால் வருபவை.

பாஸ் என்றாலே லாபம் என்று நம்புவது

ஒரு நாள் பாஸின் விலையை ஒற்றைப் பயண டிக்கெட்டின் விலையால் வகுத்துப் பாருங்கள். விடை மூன்றரை என்று வந்தால், நான்காவது பயணத்தில்தான் பாஸ் லாபத்துக்கு வருகிறது. இப்போது உங்கள் நாளை எண்ணுங்கள். காலையில் விடுதியிலிருந்து அருங்காட்சியகம்: ஒன்று. அங்கிருந்து பழைய நகரம்: இரண்டு. அங்கே போய்விட்டால் மாலை வரை சந்து சந்தாக நடைதான். இரவில் விடுதிக்குத் திரும்புவது: மூன்று. பாஸ் வாங்கியிருந்தால் நஷ்டம். வண்டி மாறுவதைத் தனிப் பயணமாக எண்ணிவிடாதீர்கள். ரோமில் ஒற்றை டிக்கெட் 100 நிமிடம் செல்லும். அதற்குள் பஸ்ஸிலும் டிராமிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், மெட்ரோவில் மட்டும் ஒரு முறைதான் நுழையலாம். இப்படிப்பட்ட ஊரில் பாஸ் லாபமாவது இன்னும் கடினம்.

நடக்கக்கூடிய தூரத்துக்கும் வண்டி ஏறுவதற்கு மெட்ரோ வரைபடமும் ஒரு காரணம். லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் வரைந்து 1933இல் வெளியான வரைபடம், உண்மையான தூரத்தைக் கைவிட்டு, நேர்கோடுகளால் தெளிவை உண்டாக்கியது. உலகெங்கும் பல மெட்ரோக்கள் அதே வழியைப் பின்பற்றின. எந்த ரயில் எங்கே போகிறது என்று அறிய அது அருமையான படம், தூரத்தை அறிய உதவாது. லண்டனில் லெஸ்டர் ஸ்கொயர் நிலையத்துக்கும் கோவென்ட் கார்டன் நிலையத்துக்கும் இடையே சுமார் 260 மீட்டர்தான். மின்தூக்கிக்குக் காத்திருந்து நடைமேடைக்கு இறங்குவதற்குள் நடந்தே போய்விடலாம். ஆனாலும் வரைபடத்தைப் பார்த்து ரயிலேறுபவர்கள் இருக்கிறார்கள். எப்போதும் சாதாரணத் தெரு வரைபடத்தில் தூரத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அருங்காட்சியக நுழைவையும் போக்குவரத்தையும் ஒன்றாகக் கட்டி விற்கும் சுற்றுலா அட்டைகள் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரு நாளில் ஐந்து இடங்களை ஓடி ஓடிப் பார்ப்பவருக்குத்தான் அவை கட்டுப்படியாகும்.

'ஒரு நாள்' எப்போது தொடங்குகிறது என்று கேட்காமல் வாங்குவது

ஒரு முறை இரவு ஒன்பது மணிக்கு ஒரு நகரத்தில் இறங்கி, மறுநாள் இரவு வரை செல்லும் என்று நினைத்து ஒரு நாள் பாஸ் வாங்கினேன். மறுநாள் காலையில் வாயில் திறக்கவில்லை. பாஸின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருந்த தேதியை அப்போதுதான் படித்தேன். அது காலண்டர் நாளுக்கான பாஸ். நள்ளிரவிலேயே முடிந்துபோயிருந்தது. 24 மணி நேர டிக்கெட்டும் ஒரு நாள் டிக்கெட்டும் வேறு வேறு என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

வாரப் பாஸிலும் இதே சிக்கல் உண்டு. பாரிஸின் நவிகோ வாரப் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும்தான். புதன்கிழமை வாங்கினாலும் ஞாயிறோடு தீர்ந்துவிடும். ஜெர்மனியின் டாய்ச்லாண்ட்டிக்கெட் நாடு முழுவதும் நகரப் பஸ், டிராம், மெட்ரோ, வட்டார ரயில்கள் எல்லாவற்றிலும் செல்லக்கூடிய நல்ல டிக்கெட். ஆனால் அது மாதச் சந்தா. அந்த மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் பிடித்துவிடுவார்கள். ஊர் திரும்பிய பிறகும் சந்தா கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஐசிஇ போன்ற அதிவேக ரயில்களில் இந்த டிக்கெட் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உச்சவரம்பு இருக்கும் ஊரில் முன்கூட்டியே பாஸ் வாங்குவது

லண்டனில் வங்கி அட்டையை வாயிலில் காட்டியே பயணம் செய்யலாம். ஒரு நாளில் எத்தனை முறை ஏறினாலும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். திங்கள் முதல் ஞாயிறு வரையிலான வாரத்துக்கும் இப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. அதாவது, நீங்கள் போட வேண்டிய கணக்கை இயந்திரமே போட்டுவிடுகிறது. இந்த வசதி உள்ள ஊரில் பாஸைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

இதிலும் பணத்தை இழக்க வழிகள் இருக்கின்றன. காலையில் அட்டையைக் காட்டிவிட்டு, மாலையில் அதே அட்டை பதிவான கைபேசியைக் காட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கணக்கு ஒன்றாக இருந்தாலும் இயந்திரத்துக்கு நீங்கள் இரண்டு பேர். இரண்டும் தனித்தனியாகக் கூடும், எதுவும் உச்சவரம்பைத் தொடாது. காலையில் எடுத்ததையே இரவு வரை பயன்படுத்துங்கள். ரயிலில் வெளியேறும்போது அட்டையைக் காட்ட மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள். வாயில் இல்லாத சிறு நிலையங்களில் இந்த மறதி எளிதாக நேரும். குடும்பமாகப் போனால் ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். 11 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பெரியவர்களோடு சுரங்க ரயிலில் இலவசமாகப் போகலாம் என்பதால் அவர்களுக்குத் தேவையில்லை.

வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு உங்கள் வங்கி எவ்வளவு பிடிக்கிறது என்பதையும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் இயந்திரம் 'உங்கள் நாட்டு நாணயத்தில் செலுத்துகிறீர்களா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும்.

விமான நிலையத்தை மறந்துவிடுவது

நகர டிக்கெட் விமான நிலையம் வரை செல்லும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெர்லினில் கட்டணத்துக்காக ஊரை ஏ, பி, சி என்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது. நகரத்துக்குள் பலரும் வாங்கும், ஏ, பி மண்டலங்களுக்கு மட்டுமான ஏபி டிக்கெட்டோடு அங்கே போய் இறங்கினால் அபராதம். பார்சிலோனாவில் பத்துப் பயணங்களுக்கான டி-காஷுவல் டிக்கெட், விமான நிலைய மெட்ரோ நிலையங்களில் செல்லாது. மாட்ரிட் மெட்ரோவில் விமான நிலையத்துக்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் உண்டு. போகும்போதும் வரும்போதும் ஆக இரண்டு பயணங்கள்தானே? அவற்றுக்காக மட்டும் தனி டிக்கெட் வாங்கிவிட்டு, மற்ற நாட்களுக்குச் சிறிய மண்டலத்தை எடுத்துக்கொள்வது பல ஊர்களில் மலிவு.

விமான நிலைய விரைவு ரயில்களின் விளம்பரத்தையும் நிதானமாகப் படியுங்கள். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் 15 நிமிடத்தில் பேடிங்டன் நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. உங்கள் விடுதி பேடிங்டனில் இல்லையென்றால் பெட்டிகளோடு இறங்கி இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். மெதுவாக வரும் பிக்காடில்லி சுரங்க ரயில் தடம் பல இடங்களுக்கு வண்டி மாறாமலே கொண்டுபோய் விடும், கட்டணமும் அதைவிடக் குறைவு.

டிக்கெட் இருந்தும் அபராதம் கட்டுவது

மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருப்பது இதுதான். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் நிலையத்துக்கு வாயிலே கிடையாது. நடைமேடையிலோ பஸ்ஸுக்குள்ளோ ஒரு சிறிய பெட்டி இருக்கும். காகித டிக்கெட்டின் நுனியை அதற்குள் நுழைத்தால், சட்டென்ற ஓசையோடு தேதியும் நேரமும் பதியும். பதியாத டிக்கெட், டிக்கெட்டே இல்லாததற்குச் சமம். பரிசோதகர் சாதாரண உடையிலும் வரலாம். 'தெரியாது' என்று சொல்வதைக் கேட்டுக்கேட்டு அவருக்குப் பழகியிருக்கும். ஒரு அபராதத்தில் பயணம் முழுவதும் மிச்சம் பிடித்தது போய்விடும். பாரிஸ் மெட்ரோவில் வெளியே வரும் வரை டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருங்கள். பரிசோதனை வெளியேறும் வழியிலும் நடக்கும்.

நகரங்களுக்கு இடையேயான ரயில்

ஜப்பான் ரயில் பாஸை இன்னும் பலர் பழைய நினைவில் பரிந்துரைக்கிறார்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்துவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்புவதற்கு மட்டும் அதை வாங்கினால் கையிலிருந்து போடுவதுதான் மிச்சம். ஐரோப்பாவில் பல நாட்டு ரயில்களில் செல்லும் இன்டர்ரெயில், யூரெயில் பாஸ் வாங்குபவர்கள், பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி அதிவேக ரயில்களில் இருக்கைக்குத் தனிக்கட்டணம் உண்டு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முன்கூட்டியே எடுக்கும் மலிவு டிக்கெட் பெரும்பாலும் அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். விமானத்திலிருந்து இறங்கிய அன்றே அப்படிப்பட்ட டிக்கெட்டை எடுக்காதீர்கள். விமானம் தாமதமானால் முழுப் பணமும் போகும்.

கேட்காமல் விடுவது

நான்கைந்து பேராகப் போகிறவர்கள் குழு டிக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். மியூனிக்கில் ஐந்து பெரியவர்கள் வரை ஒரே குழு நாள் டிக்கெட்டில் சுற்றலாம். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் மாலையிலேயே தெரிந்துகொள்ளுங்கள். டோக்கியோவில் நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுவிடும், பிறகு டாக்சிதான்.

லக்சம்பர்க்கில் 2020 பிப்ரவரி 29 முதல் பஸ், டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாம் யாவருக்கும் இலவசம். எஸ்டோனியாவின் தாலினில் 2013 முதல் இலவசம் என்று படித்துவிட்டு டிக்கெட் இல்லாமல் ஏறிவிடாதீர்கள். அது அந்த நகரத்தில் பதிவு செய்து வாழ்பவர்களுக்கு மட்டும். சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவிலும் பேசலிலும் விடுதியில் தங்குபவர்களுக்குத் தங்கும் நாட்கள் முழுவதற்கும் இலவசப் போக்குவரத்து அட்டை கிடைக்கிறது. இது தெரியாமல் ரயில் நிலையத்திலேயே மூன்று நாள் பாஸ் வாங்கிவிட்டு, விடுதி வரவேற்பறையில் அட்டையைக் கையில் வாங்கும்போது வருத்தப்படுபவர்கள் உண்டு. இப்படி ஏதேனும் இருக்கிறதா, இருந்தால் விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு வரும் முதல் பயணத்துக்கும் செல்லுமா என்று முன்பதிவு செய்தவுடனே விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.