திரையில் கூறு வைப்பது எப்படி

ராமேசுவரம் பக்கத்து மண்டபம்தான் எங்கள் ஊர். அங்கே மீன் விற்ற காலத்தில் அம்மா தராசு வைத்திருந்ததில்லை. சாக்கை விரித்து, தண்ணீர் தெளித்து, சூடையையும் காரலையும் கூறு கூறாக வைப்பார். ஒரு கூறுக்கும் அடுத்த கூறுக்கும் நடுவில் ஒரு கை அகலம் சும்மா கிடக்கும். கோடு கிடையாது, அட்டை கிடையாது. ஆனாலும் எந்த மீன் எந்தக் கூறு என்று வாங்க வந்தவர் யாரும் கேட்டதில்லை. நான் பி.காம். முடித்து, யூடியூப் பார்த்து, திரை வரையும் மென்பொருளான ஃபிக்மாவைப் பழகி, ஊரிலிருந்தபடியே செயலிகளுக்குத் திரை வரையத் தொடங்கிய பிறகுதான் அம்மா செய்தது என்ன வேலை என்று எனக்கு உறைத்தது. அதற்குள் ஒரு திரையை நன்றாகவே கெடுத்து முடித்திருந்தேன்.

என் பெரியப்பா மகன் நண்டுக் கம்பெனி ஒன்றுக்காகக் கரையில் எடை போடுகிறார். நாட்டுப்படகுகள் கொண்டுவரும் நண்டை நிறுத்து, படகுவாரியாக நோட்டில் எழுதி, கம்பெனி கொடுத்திருக்கும் முன்பணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பது அவர் வேலை. நோட்டு நனைகிறது, போனில் எழுத ஏதாவது செய்து கொடு என்றார். கூடப் படித்த தோழி நிரல் எழுத, நான் திரை வரைந்தேன். மேலே மூன்றில் ஒரு பங்குக்குப் பாம்பன் பாலத்தின் படம். அதன் கீழ் நீலப் பட்டையில் செயலியின் பெயர். அதற்கும் கீழே ஒரே அளவில் ஆறு பெட்டிகள், ஒரே இடைவெளியில். எனக்கு அது அலங்கரித்த தேர் மாதிரி தெரிந்தது. அண்ணன் வாங்கிப் பார்த்தார்.

"படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. கிலோவை எங்கே போடுறது?"

அந்தத் திரையை நான் திருத்திய வரிசையிலேயே இதை எழுதுகிறேன். நீங்கள் மளிகைக் கடைக்கு வரைந்தாலும் பள்ளிக்கூடத்துக்கு வரைந்தாலும் வேலை ஒன்றுதான்.

முதல் வேலைக்குக் கணினி வேண்டாம். திரையைப் பயன்படுத்தப் போகிறவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய், அவர் வாயால் சொல்வதைக் கேளுங்கள். நான் இரண்டு நாள் காலையில் வடகடல் கரையில் போய் நின்றேன். அண்ணன் சத்தமாகச் சொல்வார், பக்கத்தில் ஒரு பையன் எழுதுவான்: படகு பேர், பெரிய நண்டு எத்தனை கிலோ, சின்னது எத்தனை, பிடித்தம் எவ்வளவு, கையில் எவ்வளவு. எல்லாப் படகுக்கும் அதே வரிசை, ஒரு தடவைகூட மாறவில்லை. திரையில் மேலிருந்து கீழே வர வேண்டியதும் அந்த வரிசைதான். நான் வரைந்ததில் தேதி முதலில் இருந்தது, விலை இரண்டாவது. இரண்டையும் அவர் வாயால் சொல்லவே இல்லை. தேதி போனுக்கே தெரியும். விலை காலையில் ஒரு தடவை கம்பெனியிலிருந்து வரும், அன்றைக்கு முழுக்க அதுதான். படகுக்காரர்கள் காத்து நிற்பதே 'கையில் எவ்வளவு' என்பதற்காக. அது என் திரையில் இல்லவே இல்லை.

கேட்டதை எல்லாம் துண்டுச்சீட்டுகளில் எழுதி மூன்று குவியலாகப் பிரியுங்கள். ஒவ்வொரு தடவையும் மாறுவது ஒரு குவியல். நாளுக்கு ஒரு தடவை மாறுவது இன்னொன்று. மாற்ற வேண்டாம், பார்த்தால் போதும் என்பது மூன்றாவது. முதல் குவியலுக்கு மட்டும்தான் பெட்டி. இரண்டாவதற்கு ஓரத்தில் ஒரு சின்ன வரி, தொட்டால் மாற்றலாம். மூன்றாவது வெறும் எழுத்து. என் ஆறு பெட்டிகளில் தேதியும் விலையும் இப்படித்தான் ஒழிந்தன. பழக வருகிறவர்கள் பலரும் இந்த இடத்தைத் தாண்டி நேரே செவ்வகம் வரையப் போய்விடுகிறார்கள். அங்கே இருக்கவே கூடாத பெட்டியை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து ராத்திரி முழுக்க விழித்திருப்பார்கள். நானும் விழித்திருந்தேன்.

அடுத்து காகிதம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். போனை அதன்மேல் வைத்துச் சுற்றிலும் கோடு இழுத்து, தடித்த மார்க்கரால் வரையுங்கள். பென்சில் எடுத்தால் கை நகாசு வேலைக்குப் போய்விடும். ஒரு தாளுக்கு மூன்று நிமிடம், ஐந்து தாள். முதல் இரண்டு எங்கேயோ பார்த்த திரையாகத்தான் வரும்.

இப்போது ஃபிக்மா. உலாவியிலேயே திறக்கும், பழக இலவசக் கணக்கு போதும். 360 அகலம், 800 உயரத்தில் ஒரு ஃப்ரேம், அதாவது திரைக்கான வெற்றுச் சட்டம், போடுங்கள். இந்த 360 ஆண்ட்ராய்டு சொல்லும் டிபி அளவு. போனில் உண்மையில் எத்தனை பிக்சல் என்பது வேறு கணக்கு. ஓர் அங்குலத்துக்கு 160 பிக்சல் உள்ள திரையில் 1 டிபி என்பது 1 பிக்சல்; 480 பிக்சல் உள்ள திரையில் 3 பிக்சல். அதனால் 1080 பிக்சல் அகலமுள்ள அப்படிப்பட்ட போனும் நமக்கு 360தான். இடமும் வலமும் 16 விட்டால் 328 மிஞ்சும். அதை நான்கு பத்தியாக்கி, நடுவில் 16 விட்டால் ஒரு பத்தி 70. ஃபிக்மாவில் இந்தக் கிரிட்டைப் போட்டுவிட்டால் சிவப்புப் பட்டைகளாகத் தெரியும். எந்தப் பெட்டியும் ஒரு பட்டையின் ஓரத்தில் தொடங்கி ஒரு பட்டையின் ஓரத்தில் முடிய வேண்டும். பெரிய நண்டுக்கு இரண்டு பத்தி, சின்ன நண்டுக்கு இரண்டு பத்தி, அருகருகே. படகு பேருக்கு நான்கும்.

எங்கள் பக்கம் பெப்சி பாசி என்று சொல்லும் கடற்பாசியை வளர்க்கும் மூங்கில் மிதவையைப் பார்த்தவர்களுக்குக் கிரிட்டை விளக்க வேண்டியதில்லை. 3 மீட்டருக்கு 3 மீட்டர் சட்டம். அதில் சம இடைவெளியில் கயிறு, கயிற்றில் சம இடைவெளியில் நாற்று. கட்டுகிற அன்றைக்குப் பார்த்தால் வெறும் கயிறாகத்தான் தெரியும், இவ்வளவு இடம் வீணா என்று தோன்றும். 45 நாள் கழித்து அறுக்கும்போது அந்த இடத்தில்தான் பாசி இருக்கும். திரையிலும் பெயர் நீளும், எண் வளரும், கண் சரியில்லாதவர் எழுத்தளவைக் கூட்டி வைப்பார்.

சரி, கூறுக்கு வருவோம். இடைவெளிகளை 8இன் மடங்குகளில் வையுங்கள்: 8, 16, 24, 32. எட்டுக்கு ஒரு காரணம், 1 டிபிக்கு ஒன்றரை பிக்சல் உள்ள திரையிலும் அது 12 என்று முழு எண்ணாகவே வரும். ஐந்து வைத்தால் ஏழரை ஆகி ஓரம் மங்கும். லேபிளுக்கும் அதன் பெட்டிக்கும் நடுவே 8. ஒரே கூறுக்குள் இருக்கும் பெட்டிகளுக்கு நடுவே 16. ஒரு கூறு முடிந்து அடுத்தது தொடங்க 32. உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பது பார்த்தவுடன் தெரியும்படி பெரிதாக இருக்க வேண்டும். 12க்கும் 16க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண் கை தவறியதாகத்தான் எடுத்துக்கொள்ளும். என் முதல் திரையில் எல்லாம் 16. அதனால் 'சின்னது' என்ற லேபிள் மேலே உள்ள பெட்டிக்கா கீழே உள்ளதற்கா என்று அண்ணன் குழம்பி, இரண்டு படகுக்கு மாற்றிப் போட்டார். அருகருகே இருப்பவற்றைக் கண் ஒரே கூட்டமாகப் பார்க்கும் என்பதை மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் 1923இல் வெறும் புள்ளிகளை வைத்தே எழுதிக் காட்டியிருக்கிறார். அம்மாவுக்கு அது சூடையை வைத்துத் தெரிந்திருந்தது.

கூறுகளைப் பிரிக்கக் கோடும், நிழல் விழும் அட்டையும் போடுவது இப்போது பெரிய பழக்கம். எனக்கு அது பிடிக்காது. முதலில் கோட்டை அழித்துவிட்டு இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள். பத்தில் எட்டு தடவை கோடு தேவைப்படாது. (இந்த எட்டு என் கைக்கணக்கு.)

இந்த இடைவெளிகளைக் கையால் இழுத்து வைக்காதீர்கள். லேபிளையும் பெட்டியையும் சேர்த்துத் தேர்ந்து ஷிஃப்ட், ஏ அழுத்தினால் ஆட்டோ லேஅவுட். நடு இடைவெளிக்கு 8 என்று ஒரு தடவை சொன்னால் போதும், லேபிள் இரண்டு வரியானாலும் பெட்டி தானாகக் கீழே இறங்கும். அப்படிச் செய்த கூறுகளை எல்லாம் சேர்த்து இன்னொரு ஆட்டோ லேஅவுட்டில் போட்டு 32 கொடுங்கள். ஒருநாள் பழகினால் கைவரும்.

அளவு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டும். ஒரு திரையில் ஒன்றுதான் பெரிதாக இருக்கலாம். எங்கள் திரையில் அது 'கையில்' தொகை: 32 அளவில், தடித்த எழுத்து. கிலோ எண்கள் 20, லேபிள்கள் 14, அவ்வளவுதான். சரியாக வந்ததா என்று பார்க்கக் கண்ணைச் சுருக்கி, கை நீட்டிய தூரத்தில் போனைப் பிடித்துப் பாருங்கள். எல்லாம் மங்கிய பிறகும் அந்தத் தொகை நிற்க வேண்டும். இதுவரை வண்ணத்தைத் தொடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கறுப்பு, வெள்ளை, சாம்பலில் நிற்காத திரை நீலம் பூசினாலும் நிற்காது. வண்ணம் வைக்கும்போதும் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை அளந்துவிடுங்கள். டபிள்யூசிஏஜி என்ற அணுகல் வழிகாட்டி சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 கேட்கிறது, கடுமையான நிலையில் 7:1. எங்கள் கரையில் பத்து மணி வெயிலில் நான் வைத்த வெளிர்சாம்பல் லேபிள் ஒன்றுகூடத் தெரியவில்லை. அறைக்குள் உட்கார்ந்து பார்த்தபோது அது நாகரிகமாக இருந்தது.

தமிழில் வரைகிறவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம். பழகுவதற்கு நாம் பார்க்கும் மாதிரிகள் ஆங்கிலத்துக்கு அளந்தவை. 'சேவ்' என்பதற்குப் போட்ட பட்டனில் 'சேமிக்கவும்' திணறும். 'சப்மிட்' இருந்த இடத்தில் 'சமர்ப்பிக்கவும்' இரண்டு வரியாகும். எழுத்தைச் சிறிதாக்கினால் முதலில் அடிபடுவது புள்ளிதான். சொல்லை மாற்றுங்கள். நாங்கள் 'எழுது' என்று வைத்தோம், நோட்டுக்கு அவர்கள் சொல்வதும் அதுதான். வரி உயரமும் கூடுதலாக வேண்டும். 'கீ'யின் சுழி மேலே போகும், 'பூ'வின் வால் கீழே இறங்கும். 16 அளவு எழுத்துக்கு 24 வரி உயரம் என்று ஆங்கில மாதிரியில் இருந்தால் நான் 28 வைக்கிறேன். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் இது நன்றாக அமைகிறது. மாதிரிப் பெயராக 'அஆஇ' என்று போட்டு வரையாதீர்கள். 'வேளாங்கண்ணி மாதா துணை' என்று போட்டு வரையுங்கள், படகுகளுக்குப் பெயர் அப்படித்தான் இருக்கும்.

அப்புறம் விரல். தொடும் இடம் எதுவும் 48 டிபிக்குக் குறையக் கூடாது என்கிறது ஆண்ட்ராய்டு வழிகாட்டி. திரையில் அது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் என்பது அந்த வழிகாட்டியின் கணக்கு. பால் ஃபிட்ஸ் 1954இல் கண்ட விதியும் இதோடு சேர்ந்தது: இலக்கு சிறிதாகவும் தூரமாகவும் ஆக ஆக அதைப் போய்த் தொட நேரம் கூடும். நண்டு பிடித்த கை ஈரம், விரலில் மணல், சில நாள் கொடுக்கு கடித்த காயம். அதனால் 'எழுது' பட்டனை 56 உயரத்தில், முழு அகலத்துக்கு, கட்டைவிரலுக்கு எட்டும்படி கீழே வைத்தேன். வைத்துவிட்டு நான் செய்த முட்டாள்தனம், அதன் பக்கத்திலேயே 8 இடைவெளியில் 'அழி'யையும் வைத்தது. ஒரு காலை ஏழு படகுக் கணக்கு போயிற்று. அண்ணன் ஏழு பேரையும் தேடிப்போய் எடையைக் கேட்டு எழுதினார், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது 'அழி' திரையிலேயே இல்லை. பழைய கணக்கைத் திறந்தால்தான் வரும், அதுவும் ஒரு தடவை கேட்டுவிட்டு.

இன்னொன்று, விசைப்பலகை மேலெழும்பினால் திரையின் கீழ்ப்பகுதி போய்விடும். ஃபிக்மாவில் அது தெரியாது. எண்பலகையின் படத்தை எடுத்து ஃப்ரேமின் மேல் ஒட்டி, 'கையில்' தொகை அதற்கு மேலே நிற்கிறதா என்று பாருங்கள்.

கைக்குப் பழக்கம் வர என்ன வழி என்று கேட்டால், படியெடுப்பதுதான். எங்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த வருடம் நானும் எனக்கு ஒரு தடைக்காலம் போட்டுக்கொண்டேன்: சொந்தமாக எதையும் வரையக் கூடாது. பணம் அனுப்பும் செயலி, ரயில் டிக்கெட், பேருந்து டிக்கெட் என்று நாளுக்கு ஒரு திரையைப் படம் பிடித்து, ஃபிக்மாவில் போட்டு, அதன்மேல் வெறும் சாம்பல் செவ்வகங்களாக அப்படியே வரைந்து, ஒவ்வொரு இடைவெளியையும் அளந்து பக்கத்தில் எழுதினேன். முதல் வாரம் சலிப்பு. மூன்றாவது வாரத்தில் அளக்கும் முன்பே இது 16, இது 24 என்று கண் சொல்ல ஆரம்பித்தது. கெட்ட திரைகளையும் எடுங்கள். எந்தக் கூறு எங்கே கலைந்தது என்று எழுதிப் பார்க்க அவைதான் தோது.

புதிய திரையில் 'கையில்' தொகைக்குக் கீழே, பட்டனுக்கு மேலே, கொஞ்சம் வெற்றிடம் இருக்கிறது. அண்ணன் போன வாரம் அதைக் காட்டினார். "இவ்வளவு இடம் சும்மா கிடக்கே தங்கச்சி, அந்தப் பாலம் படத்தை இங்கே போடேன்."

போடவில்லை. முன்பணப் பக்கம் இன்னும் முடியவில்லை. அதில் ஒரு படகுக்கு மட்டும் ஏழு எண்கள் வருகின்றன.