நர்சா, நர்சிங் அசிஸ்டன்டா? காசு கட்டும் முன்

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட் வந்ததும் நம் மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் நர்சிங் பற்றிக் கேட்டு வருவார்கள். எங்கள் செட்டில் பலர் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்து போட மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

காசு கட்டிய பிறகு விசாரிப்பது

இதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி ஃபைலோடு வந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள், தங்க எழுத்தில் 'நர்சிங் டிப்ளோமா'. அம்மா ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுத்து, தோட்டை அடகு வைத்துக் கட்டிய கோர்ஸ். கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, அசிஸ்டன்ட் வேலைதான் தரலாம் என்றார்களாம். நர்சாக வேலை செய்யப் பதிய வேண்டிய இடம் இலங்கை தாதியர் பேரவை; அந்தச் சான்றிதழை வைத்து அங்கே பதிய முடியாது.

ஃபைலைப் புரட்டினால் அடியில் ஏ.எல். ரிசல்ட்: பயோ பிரிவில் மூன்று பாடமும் பாஸ்! கெசட் (அரச வர்த்தமானி) அறிவித்தலைப் பார்த்து அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கே போட்டிருக்கலாம். கண்டியிலும் பதுளையிலும் கல்லூரி இருக்கிறது. மூன்று வருடப் படிப்பு, கட்டணம் கிடையாது, மாதாமாதம் கொடுப்பனவும் உண்டு. இதை அவளுக்கு யாருமே சொல்லவில்லை. எனக்குக் கோபம் அந்தப் பிள்ளை மேல் இல்லை. ரிசல்ட் தாளைப் பார்த்தும் வாயைத் திறக்காமல் ரசீது எழுதியவர்கள் மேல்.

சேரும் முன் கேளுங்கள்: இதை முடித்தால் தாதியர் பேரவையில் பதியலாமா? அசிஸ்டன்ட் கோர்ஸ் என்றால், நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா, என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) எத்தனையாம் மட்டம்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அசிஸ்டன்ட் வேலையை இளக்காரமாக நினைப்பது

நோயாளியைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க ஆள் இல்லாவிட்டால் வார்டு ஓடாது. சீக்கிரம் சம்பளம் வேண்டிய வீட்டுக்கு அது நல்ல வழி. ஆனால் மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, சார்ட்டில் எழுதி அதற்குப் பொறுப்பேற்பது எல்லாம் நர்சின் வேலை. அசிஸ்டன்டாக எத்தனை வருடம் இருந்தாலும் அனுபவத்தை மட்டும் வைத்து நர்சாகிவிட முடியாது.

கிட்ட இருக்கும் பள்ளியில் கிடைத்த பாடத்தை எடுப்பது

நர்சிங் ஆசை இருந்தால் ஏ.எல்.லில் விஞ்ஞானப் பிரிவு. அதற்காக ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ தினமும் பஸ் ஏற வேண்டி வந்தாலும் சரி.

சிங்களத்தைத் தள்ளிப்போடுவது

வார்டில் சிங்களம் பேச வேண்டிவரும். இன்றைக்கே ஆரம்பியுங்கள்.