கோரை மேல் ரோட்டவேட்டர் ஓட்டாதீர்கள்: களை விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்துத் தோட்டத்தில் இந்த வருஷம் புதிதாக விவசாயத்துக்கு வந்த தம்பி ஒருவர், போன வாரம் நிலக்கடலைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். வரப்போரம் திட்டுத் திட்டாக நின்ற கோரைக் களை மேலேயே ரோட்டவேட்டர் (டிராக்டரில் மாட்டி, சுழலும் கத்தியால் மண்ணைப் பொடியாக்கும் கருவி) போனது. ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே காரியம். நேரத்துக்குக் களை எடுங்கள், பூக்கும் முன் பிடுங்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கோரையைத் துண்டு துண்டாக்குவது

அன்று என் கிணற்றோரம் இருந்தது நாலைந்து சென்ட் கோரைதான். "ரெண்டு ஓட்டு ஓட்டினா போயிடும்ணே" என்றார் வாடகை வண்டிக்காரர். மண் மாவு போல ஆனதைப் பார்த்து எனக்கும் திருப்தி. கடலை போட்டு ஒரு தண்ணீர் கட்டியதும், அரை ஏக்கர் முழுக்க ஊசி ஊசியாகக் கோரை கிளம்பியது. மூன்று தடவை ஆள் விட்டேன். கடலை விற்ற காசு கூலிக்கே போனது. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன் என்று இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

கோரைக்கிழங்குகள் மண்ணுக்குள் மாலை மாதிரி கோத்துக் கிடக்கும். நுனிக் கிழங்கு முளைத்து நிற்கும்வரை மற்றவை பெரும்பாலும் உறங்கும். நடுவில் அறுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும். முளைத்து மூன்று வாரத்திலேயே புதுக் கிழங்கு வைக்கவும் ஆரம்பித்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? திட்டு சிறியது என்றால் ஒரு முழ ஆழம் தோண்டி, கிழங்கோடு அள்ளிக் காயவைத்துக் கொளுத்துங்கள். பெரியது என்றால் சித்திரை வெயிலில் சட்டிக் கலப்பையால் (வட்டத் தட்டு வைத்த கலப்பை) புரட்டிப்போடுங்கள். மேலே கிடந்து நன்றாகக் காய்ந்து சுருங்கிய கிழங்கு முளைக்காது. கோடை மழையில் மிச்சம் முளைத்தால், மூன்று வாரம் ஆவதற்குள் மறுபடி ஓட்ட வேண்டும். கோரைக்கு நிழல் ஆகாது. அதனால் அடுத்ததாகப் பசுந்தாள் உரப் பயிரான சணப்பையையோ தக்கைப்பூண்டையோ நெருக்கி விதையுங்கள். இரண்டு கோடை விடாமல் இப்படிச் செய்த பிறகுதான் என் நிலத்தில் அடங்கியது.

வாடகை வண்டியை அப்படியே உள்ளே விடுவது

கத்தியில் ஒட்டிய மண்ணோடு கிழங்கும் வரும். ரோட்டிலேயே தட்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

காய்ந்த மண்ணில் பென்டிமெத்தலின்

இது களை முளைக்கும்போதே தடுக்கும் களைக்கொல்லி. விதைத்த 3 நாளுக்குள், ஈரத்தில் தெளிக்க வேண்டும். கோரைக்கு இதை நம்பாதீர்கள்.

மக்காத எரு

களை விதை உயிரோடு வரும்.

நெல் நாற்றோடு குதிரைவாலிப் புல்லையும் நடுவது

இளசில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இலை தண்டைப் பிடிக்கும் இடத்தை விரித்துப் பாருங்கள். நெல்லுக்கு அங்கே மெல்லிய சவ்வு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும்; புல்லுக்கு இருக்காது. நாற்று பறிக்கும்போதே கழித்துவிடுங்கள். நட்டுவிட்டால் கதிர் தள்ளும்போதுதான் கண்ணில் படும். நெல் அறுப்பதற்குள் அது விதையைக் கொட்டிவிடும்.