இதய ஆபரேஷனும் டிரிப்ஸும்: அடிக்கடி நடக்கும் தவறுகள்

இதய ஆபரேஷன் முடிந்து ஐசியுவில் படுத்திருப்பவரின் பிபி திடீரென 80-க்கு இறங்குகிறது. உடனே இன்னொரு பாட்டிலைத் திறந்துவிடுகிறோம். இந்தத் துறையில் இதைவிடப் பெரிய தவறு இல்லை என்பேன். உடம்பில் திரவம் குறைந்ததால்தான் பிபி இறங்கியது என்று யார் சொன்னது? இதயத் தசை சோர்ந்திருக்கலாம். ஆபரேஷனின்போது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் பைபாஸ் மெஷினில் இருந்துவிட்டு வந்ததால் இரத்தக் குழாய்கள் தளர்ந்திருக்கலாம். அதற்குத் தேவை குழாய்களை இறுக்கும் நார்அட்ரினலின் மருந்து, தண்ணீர் அல்ல.

முதலில் மார்பு டிரெயினை, அதாவது மார்புக்குள் கசியும் இரத்தத்தை வெளியேற்றும் டியூபை, பாருங்கள். இரத்தம் வந்துகொண்டிருந்த டியூப் சட்டென்று வறண்டு, சிவிபி (இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையின் அழுத்தம்) ஏறி, பிபி இறங்கினால் கசிவு நின்றுவிட்டது என்று நிம்மதி அடையக் கூடாது. டியூப் அடைத்து, இரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி அமுக்கிக்கொண்டிருக்கலாம். பாட்டில் சில நிமிடங்கள் தாங்கும், அவ்வளவுதான். எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்க வேண்டும், சர்ஜனைக் கூப்பிட வேண்டும்.

திரவம் உதவுமா என்று சந்தேகமா? கால்களை உயர்த்திப் பாருங்கள். காலில் இருக்கும் இரத்தம் இதயத்துக்கு வரும். ஒரு நிமிடத்துக்குள் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடினால் திரவம் கொடுக்கலாம். கூடாவிட்டால் காலை இறக்கிவிடலாம். உள்ளே போன ஒரு லிட்டரை அப்படி எளிதில் திரும்ப எடுக்க முடியாது.

அடுத்தது, எந்தத் திரவம் என்ற கேள்வி. ஒரு லிட்டர் நார்மல் சலைனில் 9 கிராம் உப்பு. அதில் குளோரைடு 154 மில்லிமோல்; நம் இரத்தத்தில் 100-ஐ ஒட்டித்தான் இருக்கும். இரண்டு மூன்று லிட்டர் ஏறினால் இரத்தம் அமிலத்தன்மைக்குச் சாயும். அமிலத்தன்மையைக் காட்டும் ஏபிஜி இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ‘இரத்த ஓட்டம் போதவில்லை’ என்று மறுபடி சலைனே போடுவதும் நடக்கிறது. இரத்த ஓட்டம் போதாதபோது கூடும் லாக்டேட் ஏறவில்லை, குளோரைடு மட்டும் ஏறியிருக்கிறது என்றால் பாட்டிலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கிரியாட்டினின் கூடியவர்களுக்கு, அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு, ரிங்கர் லாக்டேட் என்ற இன்னொரு டிரிப்ஸ் திரவத்தைக் கொடுக்கப் பயப்படுகிறார்கள், அதில் பொட்டாசியம் இருக்கிறதாம். லிட்டருக்கு 4 மில்லிமோல்தான், இரத்தத்தில் இருக்கும் அதே அளவு. சிறுநீரக மாற்று ஆபரேஷனில் ஒப்பிட்டுப் பார்த்தபோது சலைன் பெற்றவர்களுக்கே பொட்டாசியம் அதிகம் ஏறியது. ஆனால் இரத்தம் ஏற்றும் அதே லைனில் ரிங்கர் லாக்டேட் வேண்டாம். அதிலுள்ள கால்சியம் இரத்தத்தைக் கட்டவைக்கலாம்.

அதற்காகச் சலைனை விஷம் என்றும் சொல்லிவிட முடியாது. 2018-இல் வெளியான அமெரிக்காவின் ‘ஸ்மார்ட்’ ஆய்வில் ஐசியு நோயாளிகளுக்குச் சிறுநீரகம் சார்ந்த பெரிய பாதிப்புகளும் மரணமும் சேர்த்து சலைன் தரப்பில் 15.4 சதவீதம், ரிங்கர் லாக்டேட் போன்ற திரவங்கள் பெற்ற தரப்பில் 14.3. 2022-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் ‘ப்ளஸ்’ ஆய்வில் மரணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் சிறியது; ஆனால் லிட்டர் கணக்கில் கொடுக்கும்போது அதுவும் கணக்குதான்.

மாவுச்சத்திலிருந்து செய்யும் ஸ்டார்ச் டிரிப்ஸ் திரவங்களைத் தொடவே வேண்டாம். பைபாஸ் மெஷினோடு நடக்கும் ஆபரேஷனில் இரத்தக்கசிவு கூடுகிறது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013-லேயே எச்சரித்தது.

விலை கூடியது என்பதாலேயே இரத்தப் புரதமான ஆல்புமினை உசத்தி என்று நினைப்பதும் சரியில்லை. ஹெல்சிங்கியில் இதய ஆபரேஷன் நோயாளிகள் 1,386 பேரிடம் 4 சதவீத ஆல்புமினையும், ரிங்கர் லாக்டேட் வகையைச் சேர்ந்த ரிங்கர் அசிடேட்டையும் ஒப்பிட்டு, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆல்புமின் பெரிய சிக்கல்களைக் குறைக்கவில்லை. இரத்தக்கசிவு அந்தப் பக்கம்தான் அதிகம்.

கடைசியாக, கணக்கில் வராத திரவம். ஆன்டிபயாடிக் போன்ற மருந்துகள் தலா 100 மில்லி சலைனில் கலந்து ஒரு நாளில் எட்டு முறை போனால் 800 மில்லி, 7 கிராமுக்கு மேல் உப்பு. ‘டிரிப்ஸ் நிறுத்தியாச்சு’ என்று சொல்லும் நாளிலும் இது ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம், பார்க்க வரும் உறவினர்கள் பாசத்தில் கொடுக்கும் இளநீர். அதில் பொட்டாசியமும் நிறைய. தாகம் என்று கேட்டால் நர்ஸிடம் சொல்லிவிட்டே கொடுங்கள், அந்த அரை டம்ளரும் சார்ட்டில் ஏறட்டும்.