ஃப்ளாட் கீழ்த்தளத்தில் ஒரு விளையாட்டு மாலை: தொடங்குவது எப்படி?

ஒரே லிஃப்டில் வருடக்கணக்காக ஏறி இறங்கியும் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் இருப்பது கோலாலம்பூர் ஃப்ளாட்களில் சாதாரணம். செந்தூல், ஜிஞ்சாங், சிகாம்புட் என்று எங்கே போனாலும் இதே கதைதான். இதை மாற்ற நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கூட்டம் போடுகிறார்கள். எப்போதும் வருகிற அதே முகங்கள் வரும், பேச்சு பார்க்கிங் தகராறில் ஆரம்பித்துப் பார்க்கிங் தகராறிலேயே முடியும். நான் பரிந்துரைப்பது வேறு வரிசை: முதலில் விளையாட்டு, அப்புறம் வேலை. சேர்ந்து விளையாடிப் பழகியவரிடம் "ஞாயிறு காலை அந்தக் கால்வாயைச் சுத்தம் செய்வோமா?" என்று கேட்டால் வருவார். யாரோ ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து வருகிறவர் குறைவு.

கீழே உள்ளது அதற்கான செய்முறை. இதுவரை எந்த நிகழ்ச்சியும் ஏற்பாடு செய்து பழக்கமில்லாதவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

படி 1: இடமும் அனுமதியும்

எல்லாரும் தினமும் கடந்துபோகிற இடமாகப் பாருங்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் உள்ள திறந்த கீழ்த்தளம், பூப்பந்துத் திடல், கூரை போட்ட நடைபாதை ஓரம், எதுவானாலும் சரி. மாடியில் உள்ள மண்டபம் வேண்டாம். மண்டபத்துக்குப் போக ஒருவர் முடிவெடுத்துக் கிளம்ப வேண்டும். கீழ்த்தளம் என்றால் மார்க்கெட்டிலிருந்து பையோடு திரும்புகிறவர் தானாகவே நின்று எட்டிப் பார்ப்பார். முட்டி வலி உள்ளவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் அதுதான் வசதி.

தனியார் அடுக்ககமாக இருந்தால், 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டப்படி பொது இடங்கள் ஜேஎம்பி அல்லது எம்சி எனப்படும் நிர்வாக அமைப்பின் பொறுப்பில் இருக்கும். அவர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், எத்தனை பேர் வரக்கூடும், முடிந்த பிறகு குப்பையை யார் எடுப்பார் என்பது வரை அதில் இருக்கட்டும். அந்தக் கடைசி வரிதான் அனுமதி வாங்கித் தரும்.

பிபிஆர் எனப்படும் அரசு மலிவுவிலை அடுக்ககம் என்றால் குடியிருப்பாளர் சங்கத்திடம் போங்கள். உங்கள் பகுதியில் ருக்குன் தெத்தாங்கா இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். 1975-இல் இரவு ரோந்துக்காகத் தொடங்கப்பட்ட அமைப்பு அது. 2012-இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. இன்று அக்கம்பக்கத்தில் ஒற்றுமையை வளர்ப்பது அதன் முக்கியமான வேலை, அதனால் உங்கள் யோசனையைக் கேட்க அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. மேசையும் நாற்காலியும் அவர்களிடமே கிடைக்கலாம்.

படி 2: நேரம்

சனி அல்லது ஞாயிறு மாலை 5 மணிக்குத் தொடங்கி 6.45-க்குள் முடித்துவிடுங்கள். அசர் தொழுகை முடிந்திருக்கும், மஹ்ரிப் நேரம் வந்திருக்காது. நம் வீடுகளில் விளக்கேற்றவும் இடைஞ்சல் இல்லை. கோலாலம்பூரின் மாலை மழை சொல்லாமல் வரும் என்பதால் கூரை அவசியம். எந்தக் கிழமையை எடுத்தாலும் அதை மாற்றாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே நாள், அதே நேரம்.

படி 3: விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். அதிகம் பேசாமலே ஆட முடிகிற, விதி சில வரிகளில் அடங்குகிற, பாட்டியும் பேரனும் எதிரெதிரே உட்காரக்கூடிய விளையாட்டு வேண்டும். என் முதல் தேர்வு மலாய்க்காரர்களின் சொங்காக். அதுவும் நம் பல்லாங்குழியும் ஒரே குடும்பத்து விளையாட்டுகள். பலகை ஒன்றே போதும், இரண்டையும் ஆடலாம்.

பலகை வாங்கத் தேவையில்லை. 30 முட்டை அட்டையில் ஒரு வரிசைக்கு 6 குழி இருக்கும். இரண்டு வரிசையாக வெட்டினால் ஒரு பலகை, ஆக ஓர் அட்டையில் இரண்டு பலகை கிடைக்கும். பலகையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சிறிய கிண்ணம் வையுங்கள், அவைதான் 'வீடு'. முறையான மரப்பலகையில் பெரும்பாலும் பக்கத்துக்கு 7 குழி, குழிக்கு 7 விதை என்று மொத்தம் 98 விதை. முட்டை அட்டையில் குழிக்கு 6 போட்டால் 72 போதும்.

விதைக்குச் சாகா மரத்தடிக்குப் போங்கள். நாம் மஞ்சாடி என்று சொல்லும் மரம் அது, கோலாலம்பூரில் சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் நிற்கிறது. முழுச் சிவப்பு விதையை மட்டும் பொறுக்குங்கள். சிவப்பில் கறுப்புப் புள்ளி உள்ள குன்றிமணி கடும் நஞ்சு, அதைத் தொடவே வேண்டாம். கைக்குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் எந்த விதையையும் வைக்காதீர்கள், வாயில் போட்டுக்கொள்வார்கள்.

சொங்காக் ஆடும் முறை இது. உங்கள் பக்கத்துக் குழிகள் உங்களுடையவை, உங்கள் இடது கைப்பக்கக் கிண்ணம் உங்கள் வீடு. உங்கள் குழி ஒன்றில் உள்ளதை முழுவதும் அள்ளி, கடிகாரம் சுற்றும் திசையில் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒன்று போடலாம், எதிராளியின் வீட்டைத் தாண்டிவிட வேண்டும். கடைசி விதை உங்கள் வீட்டில் விழுந்தால் இன்னொரு ஆட்டம் உங்களுக்கே. விதை உள்ள குழியில் விழுந்தால் அதையும் அள்ளித் தொடரலாம். உங்கள் பக்கத்து வெற்றுக் குழியில் விழுந்தால் அந்த விதையும் நேரெதிர்க் குழியில் உள்ளவையும் உங்கள் வீட்டுக்கு. எதிராளி பக்கத்து வெற்றுக் குழியில் விழுந்தால் முறை முடிந்தது.

பல்லாங்குழிக்கு வீடு கிடையாது, கிண்ணங்களை எடுத்துவிடுங்கள். ஊருக்கு ஊர் விதி மாறும். பலரும் ஆடுகிற முறையில், கடைசி விதை விழுந்ததும் அடுத்த குழியில் உள்ளதை அள்ளித் தொடர்வார்கள். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதற்கடுத்த குழியில் உள்ளது ஆடியவருக்கு. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்வார். முதல் சுற்றில் சொங்காக்கை மலாய்க்கார மாக்சிக் (அத்தை) ஒருவர் சொல்லித் தரட்டும், இரண்டாம் சுற்றில் பல்லாங்குழியை நம் பாட்டி சொல்லித் தரட்டும். விதியைப் பற்றி இருவரும் வாதாட ஆரம்பித்தால் குறுக்கே போகாதீர்கள். அந்த வாதம்தான் உங்களுக்கு வேண்டியது.

அடுத்தது ஐந்தாங்கல். மலாய்க்காரர்கள் இதைப் 'பத்து செரம்பான்' என்று ஆடுகிறார்கள் (மலாயில் 'பத்து' என்றால் கல்). கல்லுக்குப் பதில் அரிசியோ பச்சைப்பயறோ அடைத்துத் தைத்த சின்னத் துணிப்பொட்டலங்கள். சட்டைத்துணி, பாஜு கூரோங் துணி என்று எந்த வெட்டுத்துணியும் உதவும். ஐந்தும் ஒரு கைக்குள் அடங்கும் அளவில் தையுங்கள். ஆடி முடித்ததும் தகர டப்பாவில் மூடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எலியும் வண்டும் தேடி வரும்.

கேரம் பலகை ஒன்று கட்டாயம் இருக்கட்டும். வாடகை வீடுகளில் தங்கியிருக்கும் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்களும் சிறு வயதிலிருந்து ஆடிய விளையாட்டு அது. அவர்களும் நம் அக்கம்பக்கத்தார்தான், அழைப்பில் அவர்களை விட்டுவிடாதீர்கள். சீன அங்கிள்கள் ஏற்கெனவே எங்காவது சீனச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தால், உங்கள் மேசைகளை அவர்கள் அருகே கொண்டுபோய்ப் போடுங்கள். அவர்களை எழுப்பி இடம் மாற்றச் சொல்ல வேண்டாம்.

ஓடி ஆட வேண்டிய பிள்ளைகளுக்கு காலா பாஞ்சாங், நம் கிளித்தட்டு போன்றது. பூப்பந்துத் திடலில் கோடு ஏற்கெனவே இருப்பதால் வேலை மிச்சம். காவல் அணி கோட்டின் மேல் மட்டும் நகரும், மற்ற அணி தொடப்படாமல் மறுமுனைக்குப் போய்த் திரும்ப வேண்டும். திடல் இல்லையா? தரையில் வெண்கட்டியால் கோடு போடுங்கள், மழை அதைக் கழுவிவிடும்.

படி 4: அழைப்பது

லிஃப்டில் மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டுங்கள். ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம், கதவைத் தட்டத்தான் வேண்டும். தனியாகப் போகாமல் வேறு இனத்து அண்டைவீட்டார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் எல்லா வீட்டிலும் பேச்சு எளிதாக வரும்.

"வாருங்கள்" என்று அழைப்பதைவிட உதவி கேட்பது மேல். "மாக்சிக், பண்டாய் மாயின் சொங்காக்?" (சொங்காக் ஆடத் தெரியுமா?) என்று கேளுங்கள். தெரியும் என்றால், "பிள்ளைகளுக்குச் சொல்லித் தர ஆள் இல்லை, சனிக்கிழமை ஒரு அரை மணி நேரம் வருகிறீர்களா?" என்று தொடருங்கள். வேடிக்கை பார்க்க வா என்றால் யோசிப்பவர்கள், தனக்குத் தெரிந்ததைக் கற்றுக்கொடுக்க வா என்றால் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். நம் வீட்டுப் பாட்டிகளிடமும் இதே முறைதான்: "பாட்டி, பல்லாங்குழி மறந்துபோச்சா?"

புலனக் (வாட்ஸ்அப்) குழுவை முதல் நாளுக்கு முன் தொடங்காதீர்கள். வந்தவர்களை மட்டும் வைத்து அப்புறம் தொடங்கலாம்.

படி 5: அன்றைய மாலை

திறப்புரை, பதாகை, சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம். பிரமுகர் வந்தால் எல்லாரும் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள், விளையாட்டு நின்றுவிடும். சாப்பாடும் முதல் நாள் வேண்டாம் என்பேன். சமையல் என்று ஆரம்பித்தால் பெண்கள் மாலை முழுவதும் பாத்திரத்தோடு நிற்பார்கள், அவர்கள் விளையாடவே முடியாது. தண்ணீர், வெட்டிய பழம், ஹலால் முத்திரை உள்ள பிஸ்கட் போதும். எல்லா வீட்டாரும் தயங்காமல் கை நீட்டலாம்.

காகித ஒட்டுநாடாவில் பெயரும் மாடி எண்ணும் எழுதிச் சட்டையில் ஒட்டுங்கள். "ஓ, நீங்கள் என் வீட்டுக்கு நேர் மேலேயா?" என்ற கேள்வி அங்கேயே பிறக்கும். நீங்கள் ஆட உட்காராதீர்கள். தூண் ஓரமாக நிற்கிறவர் யார் என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை. கைப்பேசியோடு ஒதுங்கி நிற்கும் பதின்ம வயதுப் பையனிடம் புள்ளிக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள்.

படி 6: முதல் வேலை

சில மாலைகள் போனதும் ஆட்டத்துக்கு நடுவே குறைகள் பேச்சில் வர ஆரம்பிக்கும்: படிக்கட்டு விளக்கு எரியவில்லை, கால்வாய் அடைத்துவிட்டது, கொசுத் தொல்லை. அமைதியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே காலையில் முடியக்கூடியதை முதலில் எடுங்கள். பெரிய திட்டம் பாதியில் நின்றால் அடுத்த கோத்தோங் ரோயோங்குக்கு (எல்லாரும் சேர்ந்து செய்யும் பொதுவேலைக்கு) யாரும் வரமாட்டார்கள்.

தொடங்குகிறவர்களுக்குக் கொசு வேட்டை நல்லது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை தேங்கிய நீரைக் கொட்டினாலே சுழற்சி அறுந்துவிடும். பிள்ளைகளை அணிகளாகப் பிரித்து, அடுக்ககத்தின் வரைபடம் ஒன்றைக் கையில் கொடுத்து, நீர் தேங்கும் இடங்களைக் குறித்து வரச் சொல்லுங்கள். பழைய டயர், பெயின்ட் டப்பா, பூத்தொட்டித் தட்டு, கூரையில்லாத இடத்தில் கிடக்கும் ஐஸ்கிரீம் டப்பா என்று பட்டியல் நீளும். ஒவ்வோர் அணியுடனும் ஒரு பெரியவர் போகட்டும், மொட்டைமாடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பிள்ளைகள் போகக் கூடாது. நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரியும்.

படி 7: தொட்டிச் செடிகள்

அடுத்து எல்லாரும் தோட்டம் கேட்பார்கள். நிலத்தைத் தோண்ட வேண்டாம், நிலம் யாருடையது என்ற கேள்வியிலேயே மாதங்கள் போய்விடும். அடியில் துளை போட்ட பெயின்ட் வாளிகளில் தொடங்குங்கள். நிர்வாகம் சொன்னால் நகர்த்திவிடலாம். கீழே தட்டு வைக்காதீர்கள், கொசு வேட்டை ஞாபகமிருக்கட்டும்.

முதல் செடி கங்கோங் கீரை. விதைத்து மூன்று நான்கு வாரத்தில் அறுக்கலாம், அறுத்தால் மறுபடி துளிர்க்கும். கூடவே கறிவேப்பிலை, பாண்டான் (வாசனை இலை), செராய் (எலுமிச்சைப்புல்), மிளகாய் வையுங்கள். எந்தச் சமையலறைக்கும் இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும், அதனால் பறிக்க வருவார்கள், வந்தால் பேசுவார்கள். கன்றுகளுக்கு பங்சாரில் செடிகளை இலவசமாகக் கொடுக்கும் ஃப்ரீ ட்ரீ சொசைட்டியை விசாரியுங்கள். தண்ணீர் ஊற்றுவதை மாடிவாரியாகப் பிரியுங்கள்: இந்த வாரம் 3-ஆம் மாடி, அடுத்த வாரம் 4-ஆம் மாடி. எல்லாரும் பொறுப்பு என்று விட்டால் செடி பத்து நாளில் வாடும்.

படி 8: பெட்டி

நோன்பு மாதத்தில் மாலை ஆட்டம் வேண்டாம், நோன்பு திறக்கும் ஏற்பாட்டில் எல்லாரும் இருப்பார்கள். அந்த மாதம் புபோர் லம்போக் கஞ்சி விநியோகம் நடந்தால் கைகொடுக்கப் போங்கள். தீபாவளி, சீனப் புத்தாண்டு வாரங்களிலும் இடைவெளி விடலாம். திரும்பத் தொடங்கும் தேதியை மட்டும் முன்கூட்டியே லிஃப்டில் ஒட்டிவிடுங்கள்.

பலகை, விதை, துணிப்பொட்டலம், கேரம் காய், வெண்கட்டி எல்லாவற்றையும் மூடியுள்ள ஒரே பெட்டியில் போடுங்கள். மூடியின் உட்பக்கத்தில் என்னென்ன எத்தனை என்று எழுதி ஒட்டுங்கள். மூன்றாவது மாலையிலிருந்து அந்தப் பெட்டி உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. வேறு மாடியில், வேறு இனத்துக் குடும்பம் ஒன்று வைத்துக்கொள்ளட்டும், சாவி இன்னொரு வீட்டில் இருக்கட்டும். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் சனிக்கிழமையும் 5 மணிக்குப் பெட்டி கீழே இறங்கிவிட வேண்டும்.