திருவிழாவுக்குப் போற சாக்குல பிள்ளைங்களுக்கு ஒரு ஊரையும் காட்டிட்டு வர்றது எப்படி

எங்க ஊர் மலேசியாவுல பேராக் பக்கம் சிலிம் ரிவர். வீட்டுக்காரருக்கு செம்பனை மில்லுல ஷிப்ட் வேலை, பிள்ளைங்க ரெண்டு, கூட மாமியார், தனியா ஹாலிடேன்னு கிளம்புற அளவுக்கு சூத்தியும் (லீவுதான்) கிடையாது காசும் கிடையாது, அதனால கோயில் திருவிழா இல்ல சொந்தக்காரங்க கல்யாணம், இதை ஒட்டித்தான் நாங்க ஊர் சுத்துறதே.

முதல்ல சூத்தியெல்லாம் குறிச்சிருக்கிற குதிரை காலண்டரை எடுங்க. தைப்பூசத்துக்கு பேராக், பினாங்கு, சிலாங்கூர், கேஎல், நெகிரி செம்பிலான், ஜொகூர்ல எல்லாம் சூத்தி உண்டு. 2026-ல பிப்ரவரி 1, ஞாயித்துக்கிழமையில வந்துச்சு, அப்படி விழுந்தா திங்கக்கிழமை சூத்தி கந்தி, அதான் பதில் லீவு, கிடைக்கும், அந்த மாதிரி வருஷத்தை விட்டுடாதீங்க. பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமிக்கெல்லாம் சூத்தி கிடையாது, ஷிப்ட் மாத்தணும்னா கூட வேலை செய்றவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைக்கணும், கடைசி வாரத்துல போய் நின்னா யாரும் மாட்டேன்னுதான் சொல்வாங்க, அவங்களும் கோயிலுக்குப் போறவங்கதானே.

அடுத்து திருவிழாவுல எதைப் பாக்கப் போறோம்னு ஒண்ணே ஒண்ணு முடிவு பண்ணுங்க. பினாங்கு தைப்பூசம் முழுசா பாக்கணும்னா மூணு நாளு ஆகும்லா. முதல் நாள் காலையில ரதம் ஜார்ஜ்டவுன்ல கிளம்பி ஊர்ந்து ஊர்ந்து ராத்திரிதான் தண்ணீர்மலைப் பக்கம் போய்ச் சேரும், வழியெல்லாம் தேங்கா உடைப்பாங்க பாருங்க, ரோடே வெள்ளையா இருக்கும். சின்னப் பிள்ளைங்க இருந்தா எனக்கு அதுதான் பிடிக்கும், மறுநாள் காவடிக் கூட்டத்துல அவங்க உயரத்துக்கு ஆளுங்க முதுகு மட்டும்தான் தெரியும். மலை மேல முருகன் கோயிலுக்கு 513 படி, பத்துமலையில 272தான், மாமியார் முட்டியைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

ஒரு வருஷம் காடியிலயே (கார்லதான்) போனோம். ரோடு எல்லாம் அடைச்சு வச்சிருந்தாங்க, எங்கயோ பார்க்கிங் கிடைச்சு, தூங்குற பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தோம் நடந்தோம் நடந்துக்கிட்டே இருந்தோம், வீட்டுக்காரர் திரும்பி வர்ற வரைக்கும் வாயே திறக்கல. இப்ப இடிஎஸ் ரயில்தான், சிலிம் ரிவர்ல ஏறினா பட்டர்வொர்த், ஸ்டேஷன் பக்கத்துலயே ஃபெர்ரி, என் சின்னவனுக்கு சாமியை விட ஃபெர்ரிதான் ஞாபகம் இருக்கு, என்ன பண்றது. டிக்கெட் வாங்குறப்ப திரும்பி வர்ற டிக்கெட்டை முதல்ல பாருங்க, போறவங்க ஆளுக்கொரு நேரம் போவாங்க, சூத்தி முடியுற அன்னைக்கு எல்லாரும் ஒண்ணா திரும்புவாங்க.

தங்குறதுக்கு பினாங்குத் தீவுக்குள்ள தேடாதீங்க, இந்தக் கரையில பட்டர்வொர்த்தோ புக்கிட் மெர்தாஜாமோ போதும். திரும்புறப்ப தைப்பிங்ல இறங்கிடுங்க, ஆனா டிக்கெட்டை தைப்பிங் வரைக்கும் ஒண்ணு, அங்க இருந்து ஊருக்கு ஒண்ணுன்னு தனித்தனியா எடுக்கணும், பாதியில இறங்கிட்டு அதே டிக்கெட்ல வேற ரயில் ஏற முடியாது. பழைய ஈயச் சுரங்கத்தை 1880-ல பூங்காவா மாத்தினதுதான் அந்த லேக் கார்டன், பக்கத்துலயே ஜூ. பிள்ளைங்களுக்கு இந்த ஒரு இடம் போதும், அதுக்கு மேல நுழைக்கப் பாத்தீங்கன்னா எல்லாரும் அழுவாங்க, பெரியவங்களும் சேத்துத்தான்.

சாப்பாடு நிறையக் கட்டாதீங்க. தண்ணீர்ப் பந்தல்ல வழியெல்லாம் குடுப்பாங்க. கலர் தண்ணியை மட்டும் பிள்ளைங்க கண்ணுல படாம பாத்துக்குங்க, பத்து நிமிஷத்துல டாய்லட் தேட வேண்டி வரும், அந்தக் கூட்டத்துல!

கல்யாணம்னா வேற கணக்கு. காலையில கோயில்ல தாலி, ராத்திரி மண்டபத்துல டின்னர்னு இருந்தா நடுவுல மத்தியானம் முழுக்க சும்மாத்தான் உக்காந்திருப்போம், அந்த நேரம் உங்களோடது, பட்டுச் சேலையை மாத்திட்டு கிளம்பிடுங்க. கல்யாண வீட்டுல தங்கலன்னா அத்தைங்க கோவிச்சுக்குவாங்க, அதுக்கு முதல் நாள் மருதாணிக்கு போய் ரெண்டு மணி நேரம் கூடமாட வேலை செஞ்சுட்டு வந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, உண்மையைச் சொன்னா அங்க பாயே பத்தாது.

சூத்தியே கிடைக்கலன்னா எங்க பேராக்லயே இருக்கிற தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமி. மத்தியானம் சாப்பிட்டுட்டு கிளம்புங்க, சாய்ஞ்ச கோபுரத்தைக் காட்டுங்க, 1885-ல கட்டினது, தண்ணித் தொட்டிக்காகக் கட்டினதுன்னு சொன்னா என் பெரியவ இன்னும் நம்பல. வெளியில எட்டு மாடி மாதிரி தெரியும், உள்ள மூணுதான். அப்புறம் மீ ரெபூஸ் (குழம்பு ஊத்தின நூடுல்ஸ்), விரதக்காரங்களுக்கு வீட்டுல கட்டின தயிர்சாதம், சாயங்காலம் கோயில். மறுநாள் ஸ்கூல் இருந்தா யூனிபார்மை கிளம்புறதுக்கு முன்னாடியே அயர்ன் பண்ணி ஆணியில மாட்டிடுங்க, ராத்திரி வந்து யாரும் பண்ண மாட்டாங்க.